இட்டேரி காட்டும் தொன்மை

நுழையும்முன்

வரலாறு என்றதும் கோட்டைகளும் கோபுரங்களும் நினைவுக்கு வருகின்றன. உழுத நிலத்தில் மேலெழும் ஓட்டுச்சில்லும், ஓடை மணலில் கலந்துள்ள கருந்துகளும், வழியோரத்தில் சாய்ந்து நிற்கும் பெயரறியாக் கல்லும்கூடப் பழங்காலத்தை உரைக்க வல்லவை. அவற்றைக் காண்பதற்கு ஊர்தியின் வேகம் உதவாது. சேலம், நாமக்கல் சமவெளியில் ஆட்டையாம்பட்டியைச் சூழ்ந்துள்ள நிலப்பரப்பினூடே நடந்து செல்வோர் காணத்தக்கவற்றை இவ்விளக்கக் கட்டுரை எடுத்துரைக்கிறது.

சேலத்திலிருந்து திருச்செங்கோடு செல்லும் சாலையில் அமைந்துள்ள பேரூராட்சி ஆட்டையாம்பட்டி. பேருந்தில் செல்வோருக்கு அவ்வூர் முறுக்கின் வழியாகவே அறிமுகமாகிறது. கையால் சுற்றி எண்ணெயில் பொரித்தெடுக்கும் ஆட்டையாம்பட்டி முறுக்கை வாங்காமல் அவ்வழியே செல்வோர் குறைவு. பொட்டலம் கைக்கு வந்ததும் பேருந்து புறப்பட்டுவிடும். சாலையின் இருமருங்கும் விரிந்து கிடக்கும் நிலத்தை நின்று பார்ப்பதற்கு நேரம் இருப்பதில்லை.

சாலையை விட்டு விலகிச் சிறிது தொலைவு நடந்தால் காட்சி மாறுகிறது. குச்சிக்கிழங்கு எனச் சேலத்து மக்கள் வழங்கும் மரவள்ளி ஒரு பக்கம், நிலக்கடலை ஒரு பக்கம், வரப்பில் பனை. வடக்கே கஞ்சமலை நீண்டு கிடக்கிறது. அதற்கும் அப்பால் வடகிழக்கில் சேர்வராயன் மலைத்தொடர். கிழக்கே போதமலை. தென்கிழக்கில், வானம் தெளிந்திருக்கும் காலைப்பொழுதில், வல்வில் ஓரி ஆண்ட கொல்லிமலை நீலக்கோடாகத் தெரியும். தென்மேற்கில் மாதொருபாகன் கோயில் கொண்டுள்ள திருச்செங்கோட்டு மலை. மேற்கே 1805ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 31ஆம் நாள் தீரன் சின்னமலை தூக்கிலிடப்பட்ட சங்ககிரிக் கோட்டை மலை. ஒரே இடத்தில் நின்று தலையைத் திருப்பினால் சங்ககாலமும் கம்பெனியார் காலமும் அடுத்தடுத்துக் கண்ணில் படுகின்றன.

இச்சமவெளியின் பாறைகள் ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்டவை. ஆங்காங்கே மண்ணைப் பிளந்துகொண்டு நிற்கும் சிறு குன்றுகளை இப்பகுதி மக்கள் ‘கரடு’ என்பர். மழையும் வெயிலும் மென்பாறைகளை அரித்துச் சென்றபின் எஞ்சிய வன்பாறைகளே இக்கரடுகள். ஊர்கள் பெரும்பாலும் இவற்றின் அடிவாரத்தில் அமைந்தன. கரட்டில் பெய்த மழைநீர் வழிந்து தேங்கும் இடத்தில் ஏரி வெட்ட முடிந்தது என்பதே அதற்குக் காரணம்.

இட்டேரி

கொங்குப் பகுதியில் ஒரு தோட்டத்துக்கும் மற்றொரு தோட்டத்துக்கும் இடையே, இருபுறமும் உயிர்வேலி அமைந்த குறுகிய மண்தடத்தை ‘இட்டேரி’ என வழங்குவர். மாட்டு வண்டி ஒன்று செல்லும் அகலமே அதற்கு உண்டு. கால்நடைகள் மேய்ச்சலுக்குச் செல்லவும், விளைச்சல் களத்துக்கு வரவும், ஓர் ஊரார் அடுத்த ஊர்ச் சந்தைக்கு நடக்கவும் இத்தடங்கள் பயன்பட்டன. ஆண்டாண்டுகளாகச் சக்கரமும் குளம்பும் தேய்த்ததாலும், மழைநீர் மண்ணை அரித்ததாலும் பல இட்டேரிகள் பக்கத்து நிலத்தைவிடத் தாழ்ந்து காணப்படும். ஆழ்ந்த இட்டேரி பழைய இட்டேரியாக இருக்க வாய்ப்பு மிகுதி. தடத்தின் தொன்மையை மதிப்பிட நடப்போருக்குக் கிடைக்கும் முதற்சான்று இதுவே.

உயிர்வேலியில் கிளுவையும் கள்ளியும் அடர்ந்திருக்கும். அவற்றின்மீது கோவையும் பிரண்டையும் படர்ந்திருக்கும். ஓரத்தில் ஆவாரையும் எருக்கும் நொச்சியும் வளரும். கீரி, ஓணான், கவுதாரி, காடை முதலியன அங்கே குடியிருக்கும். வேலியின் நிழலில் தங்கும் பறவைகளும் ஓணான்களும் பயிரைத் தின்னும் புழு பூச்சிகளைப் பிடித்து உண்டன. கம்பி வேலி வந்தபின் அத்துணைப் பணியாளர்களை இழந்த உழவர் மருந்துக்கடையை நாட வேண்டியதாயிற்று. இட்டேரியின் ஓரத்தில் நிற்கும் ஆவாரையையும் எருக்கையும் மாணவர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். கஞ்சமலை அடிவாரத்தில் அவ்விரண்டும் மீண்டும் வரும்.

பெருவழியும் காதக்கல்லும்

இட்டேரிகள் ஊர்த்தடங்களில் சேர்ந்தன. ஊர்த்தடங்கள் பெருவழிகளில் சேர்ந்தன. நாடுகளையும் வணிக நகரங்களையும் இணைத்த நெடுஞ்சாலையைப் ‘பெருவழி’ எனக் கல்வெட்டுகள் குறிக்கின்றன. கோவைக்கு அருகே பாறையொன்றில் பொறிக்கப்பட்டுள்ள கல்வெட்டு இராசகேசரிப் பெருவழியைப் பற்றிக் கூறுகிறது. தருமபுரிப் பகுதியில் கிடைத்த கற்கள் அதியமான் பெருவழியைக் குறிப்பிடுகின்றன. சேலம் மாவட்டத்தின் கிழக்கெல்லையில், வாணகோவரையர் என்னும் தலைவர்களின் தலைநகராக விளங்கிய ஆறகளூரில் மகதேசன் பெருவழியின் காதக்கல் கிடைத்துள்ளது. காஞ்சிபுரம் அங்கிருந்து 16 காதம் என்பதை அக்கல் தெரிவிக்கிறது.

இக்காதக்கற்களில் வியக்கத்தக்க செய்தி ஒன்று உண்டு. தொலைவை எண்ணால் எழுதியதோடு கல் தச்சர் நிறுத்திவிடவில்லை. அதே எண்ணைக் குழிகளாகவும் வெட்டியுள்ளார். ஆறகளூர்க் கல்லில் 16 குழிகள் உள்ளன. அதியமான் பெருவழிக் கல் ஒன்றில் 29 காதத்தைக் குறிக்கப் பத்துக்கு ஒன்றாக இரண்டு பெருங்குழிகளும், ஒன்றுக்கு ஒன்றாக ஒன்பது சிறுகுழிகளும் இடப்பட்டுள்ளன. எழுத்தறியாதவர் விரலால் தடவி எண்ணிக்கொள்ளலாம். இருள் கவிந்த வேளையிலும் தொலைவை அறியலாம். வழிநடப்போரில் உப்பு விற்போர், மாடு ஓட்டுவோர், கூலிக்குச் சுமை தூக்குவோர் எனப் பலரும் இருந்தனர் என்பதை அரசு அறிந்து செய்த ஏற்பாடு இது. பல நூற்றாண்டுகளுக்கு முன் நட்ட மைல்கல்லில் இருந்த இக்கரிசனம் இன்றைய பெயர்ப்பலகைகள் பலவற்றில் இல்லை.

தமிழ் இலக்கியமும் வழிநடையில் பிறந்ததே. ஆற்றுப்படை நூல்கள் பெரும்பாலும், முன்னே சென்று பரிசில் பெற்றவர் பின்னே வருபவருக்கு வழி கூறுவனவாக அமைந்தவை. எந்த நிலத்தைக் கடக்க வேண்டும், அங்கே யார் வாழ்கின்றனர், என்ன உணவு கிடைக்கும் என்பன அவற்றில் விரிவாகக் கூறப்படுகின்றன. நடந்து பார்த்தவர் சொல்லும் நுட்பம் அவ்வருணனைகளில் உண்டு.

நெடுவழி நடக்கும் மரபு இன்றும் அற்றுப்போகவில்லை. சேலம் மாவட்டத்து எடப்பாடியிலிருந்து பர்வதராசகுலத்தார் ஆண்டுதோறும் தைப்பூசத்தையொட்டிக் காவடி சுமந்து பழனிக்கு நடந்து செல்கின்றனர். மலைக்கோயிலில் இரவு தங்கும் உரிமை அவர்களுக்கு உண்டு.

கரும்பொன் மலை

ஆட்டையாம்பட்டிக்கு வடக்கே நிற்கும் கஞ்சமலை இந்நடையின் நடுநாயகம். கஞ்சம் என்னும் சொல் தாமரையையும் வெண்கலத்தையும் குறிக்கும். வெண்கலத்தாலான இசைக்கருவிகளைக் கஞ்சக்கருவி எனல் மரபு. ஆயினும் இம்மலையில் நிறைந்திருப்பது வெண்கலம் அன்று. கரும்பொன் எனப் பழந்தமிழர் வழங்கிய இரும்பு. காந்தக்கல் என்னும் மாக்னடைட்டுத் தாது படிகக்கல்லோடு கலந்து, வரிவரியான அடுக்குகளாக இம்மலையில் படிந்துள்ளது. அவ்வடுக்குகள் மழைக்கு எளிதில் கரையாதவை. ஆதலால் மலைச்சரிவில் அவை முகடுகளாகத் துருத்தி நிற்கின்றன. அடிவாரத்தில் சித்தர் கோயில் உள்ளது. அமாவாசை நாள்களில் அங்கே பெருங்கூட்டம் கூடும். முழுநிலவு நாளில் மலையை வலம்வருவோரும் உளர்.

மலையிலிருந்து இறங்கும் ஓடைகளில் மழைக்காலம் முடிந்தபின் நடந்தால், வெண்மணலின் இடையே கருநிறக் கீற்றுகள் காணப்படும். சிறு காந்தம் ஒன்றைத் துணியில் சுற்றி அம்மணலில் புரட்டினால் கருந்துகள்கள் மீசைபோல் ஒட்டிக்கொள்ளும். நீரானது எடை குறைந்த மணலை அடித்துச் சென்று, எடை மிகுந்த தாதைத் தங்கவிடுகிறது. பழங்காலக் கொல்லர் மலையைக் குடைய வேண்டிய தேவை பெரும்பாலும் இருக்கவில்லை. ஓடை சலித்துத் தந்ததை வாரிக்கொண்டனர். திண்ணிய தாதாயின் இடித்துப் புடைத்து எடுத்தனர்.

அவர்கள் பயன்படுத்திய உலை மிகச் சிறியது. மூன்று முதல் ஐந்தடி உயரத்தில் களிமண்ணால் அமைக்கப்பட்டது. ஆட்டுத்தோலால் செய்த துருத்திகள் இரண்டு மாறி மாறிக் காற்றை ஊதின. மரக்கரியும் தாதும் அடுத்தடுத்து இடப்பட்டன. சில மணி நேரத்துக்குப்பின் உலையின் முன்சுவரை உடைத்து, பஞ்சுபோல் துளைகள் நிறைந்த இரும்புக் கட்டியை வெளியே இழுத்தனர். சம்மட்டியால் அடிக்க அடிக்க அதிலிருந்த கிட்டம் வெளியேறிற்று. இதுவரை கிடைத்தது இரும்பு. அதனை எஃகாக்கும் தொழில்தான் இம்மண்ணின் புகழுக்குக் காரணமாயிற்று.

இரும்புத் துண்டுகளைச் சிறு மண்மூசையில் இட்டனர். உடன் காய்ந்த ஆவாரங்குச்சியைச் சேர்த்தனர். மேலே எருக்கிலையையோ கொடியிலையையோ பரப்பினர். களிமண்ணால் வாயை அடைத்து உலர்த்தினர். இவ்வாறு ஆயத்தம் செய்த இருபதுக்கு மேற்பட்ட மூசைகளை உலையில் வளைவாக அடுக்கி, ஏறத்தாழ இரண்டரை மணி நேரம் துருத்தி ஊதினர். காற்றுப் புகாத மூசைக்குள் குச்சியும் இலையும் கரியாயின. அக்கரியின் ஒரு பகுதி இரும்போடு கலந்தது. தூய இரும்பைவிடக் கரி கலந்த இரும்பு குறைந்த வெப்பத்தில் உருகும். உருகிய இரும்பு எங்கும் ஒரே தன்மையுடைய எஃகுக் கட்டியாக உறைந்தது. இட்டேரியோரத்தில் எவரும் கவனியாமல் நிற்கும் இரு செடிகள் உலகம் வியந்த எஃகின் மூலப்பொருள்களாயின. கொல்லர் அவற்றைத் தேடித் தொலைவு செல்லவும் இல்லை.

இவ்வெஃகை ஐரோப்பியர் ‘உட்ஸ்’ என்றனர். உருக்கு, உக்கு என்னும் தென்னிந்தியச் சொற்களின் திரிபாக அது கருதப்படுகிறது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மைக்கேல் பாரடே இவ்வெஃகை ஆராய்ந்து, அதுபோல் ஒன்றைத் தாமே செய்ய முயன்றார். கம்பெனியின் சென்னை மாகாணப் பணியில் இருந்த சோசையா மார்சல் ஈத் என்பவர் சேலத்து எஃகுத் தொழிலை நேரில் கண்டு எழுதினார். அவரே பரங்கிப்பேட்டையில் ஐரோப்பிய முறையில் இரும்பாலை ஒன்றை நிறுவினார். சேலத்துத் தாது அங்கே கொண்டு செல்லப்பட்டது. எஃகு செய்யும்போது மங்கனீசு சேர்க்கும் முறைக்கு 1839இல் இங்கிலாந்தில் காப்புரிமை பெற்றவரும் அவரே. பரங்கிப்பேட்டை ஆலை நெடுநாள் நிலைக்கவில்லை. ஐரோப்பிய உலைக்குத் தேவையான அளவு மரக்கரி கிடைப்பது அரிதாயிற்று.

நாட்டு உலைகளும் அதே நூற்றாண்டில் ஒவ்வொன்றாக அவிந்தன. கப்பலில் வந்து இறங்கிய மலிவான இங்கிலாந்து இரும்போடு ஊர்க்கொல்லரால் போட்டியிட இயலவில்லை. 1882ஆம் ஆண்டின் சென்னை வனச்சட்டம் காடுகளை அரசின் கட்டுப்பாட்டில் கொணர்ந்ததால் கரி சுடுவதும் கடினமாயிற்று. தலைமுறை தலைமுறையாகக் கைமாறி வந்த உலைப்பக்குவம் எழுதி வைக்கப்படாமலே மறைந்தது. இன்று அதை அறிய உதவுவன ஈத் போன்ற அயலார் எழுதிய சில பக்கங்களும், வயல்களில் கிடக்கும் கிட்டமுமே.

இன்றைய கஞ்சமலையின் அடிவாரத்தில் சேலம் உருக்காலை இயங்குகிறது. 1980களின் தொடக்கத்தில் உற்பத்தியைத் தொடங்கிய அவ்வாலை துருப்பிடிக்காத எஃகுத் தகடுகளுக்குப் பெயர்பெற்றது. ஆனால் அத்தகடுகள் கஞ்சமலைத் தாதிலிருந்து செய்யப்படுபவை அல்ல. மலையில் பெருமளவில் தாது வெட்டும் திட்டங்கள் எழுந்தபோது சுற்றுப்புற மக்கள் எதிர்த்தனர். மலைக்கு அடியிலுள்ள கிணறுகளுக்கு நீர் தருவது அம்மலைதான் என்பது அவர்களது வாதங்களுள் ஒன்று.

தெரிந்து தெளிவோம்

சேலம் மாவட்டத்தில் மேட்டூரை ஒட்டியுள்ள தெலுங்கனூர், மாங்காடு ஆகிய ஊர்களில் இரும்புக்கால ஈமச்சின்னங்களிலிருந்து இரும்பு வாள்கள் கிடைத்துள்ளன. தெலுங்கனூர் வாளை ஆராய்ந்தபோது அது கரி மிகுந்த எஃகினால் ஆனது எனத் தெரியவந்தது. தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை 2025 சனவரியில் வெளியிட்ட ‘இரும்பின் தொன்மை’ என்னும் நூல் இவ்விரு ஊர்களின் இரும்பையும் பொ.ஆ.மு. இரண்டாம் ஆயிரத்தாண்டின் இடைப்பகுதியைச் சார்ந்ததாகக் கணித்துள்ளது. ஈரோடு மாவட்டம் கொடுமணலில் எஃகு உருக்கிய மூசைகளும் உலைகளும் அகழாய்வில் வெளிப்பட்டன.

ஆற்றங்கரை

சேர்வராயன் மலைப்பகுதியில் தோன்றும் திருமணிமுத்தாறு சேலம் நகரின் நடுவே புகுந்து, தென்மேற்காக ஆட்டையாம்பட்டிப் பகுதியைக் கடந்து, நாமக்கல் மாவட்டத்து நன்செய் இடையாற்றில் காவிரியோடு கலக்கிறது. இவ்வாற்றின் கரையில் சேலம், உத்தமசோழபுரம், பில்லூர், மாவுரெட்டி, நன்செய் இடையாறு ஆகிய ஐந்து ஊர்களில் அமைந்த சிவன் கோயில்களை ஒரு தொகுதியாகக் கொண்டு வழிபடுவர். தோற்றுவாய் அருகிலிருந்து காவிரி வரை ஆற்றின் போக்கிலேயே செல்லும் வழிபாட்டு நடை இது. சமவெளியின் நில அமைப்பை அறிய விரும்புவோருக்கு இதனினும் சிறந்த வழிகாட்டி கிடைப்பது அரிது.

உத்தமசோழபுரம் கரபுரநாதர் கோயிலோடு ஒரு கதை இணைந்துள்ளது. பாரியின் மகளிராகிய அங்கவை, சங்கவை இருவருக்கும் ஔவையார் அங்கே மணம் முடித்து வைத்தார் என்பர். ஊரின் பெயரோ சோழப்பெயர். உத்தமசோழன் என்னும் சோழ மன்னன் ஆண்டது 10ஆம் நூற்றாண்டில். பாரி வாழ்ந்ததோ அதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பு. ஆகவே இக்கதையை அவ்விடத்தில் நடந்த நிகழ்ச்சியாகக் கொள்ள முடியாது. எனினும் அதனைத் தள்ளிவிடவும் வேண்டியதில்லை. தந்தையை இழந்த இரு பெண்களுக்கு ஒரு நல்ல முடிவு வேண்டும் எனப் பிற்கால மக்கள் விரும்பினர். அவ்விருப்பத்தைத் தம் ஊர்க் கோயிலில் நிறைவேற்றிக்கொண்டனர். நிலத்தில் நிகழ்ச்சிகள் மட்டுமல்லாமல் இத்தகைய நினைவுகளும் படிகின்றன. எது நிகழ்ச்சி, எது நினைவு எனப் பிரித்தறிவதே ஆய்வாளரின் கடமை.

ஆற்றங்கரை நடையில் மனம் மகிழ மட்டுமே இடம் உண்டு எனக் கூறிவிட இயலாது. நகரின் கழிவுநீரும் சாயக்கழிவும் கலந்து, பல இடங்களில் ஆற்றுநீர் நுரைத்து ஓடுகிறது. மூக்கைப் பொத்திக்கொண்டு கடக்க வேண்டிய பகுதிகள் உள. நீரைத் தீர்த்தமாகக் கருதிய படித்துறைக்கும், காலை நனைக்கவும் தயங்கும் இன்றைய நிலைக்கும் இடைப்பட்ட காலம் நீண்டதன்று. கரையிலுள்ள முதியோர் பலர் இளமையில் அவ்வாற்றில் குளித்தவர்கள்.

கல்லாக நின்றோர்

சேலம், தருமபுரி, கிருட்டிணகிரி, திருவண்ணாமலை மாவட்டங்கள் நடுகற்கள் மிகுந்த பகுதியாகும். ஆநிரையைக் கவர்ந்தபோதும் மீட்டபோதும் இறந்தவர், ஊரைக் காக்கப் புலியோடு பொருது மடிந்தவர் ஆகியோருக்குக் கல் நட்டனர். காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்தல் எனக் கல் எடுக்கும் நிலைகளைத் தொல்காப்பியம் வகுத்துரைக்கிறது. கொங்குப் பகுதியில் புலியோடு பொருதவரின் கல்லைப் ‘புலிகுத்திக்கல்’ என்பர். வடக்கே தருமபுரி, கிருட்டிணகிரிப் பக்கங்களில் வேடியப்பன் என்னும் பெயரில் நடுகற்கள் இன்றும் வழிபடப்படுகின்றன. வழிபாடு உள்ள கல் பிழைத்துக்கொள்கிறது. வழிபாடு நின்ற கல் துணி துவைக்கவும் வாய்க்காலுக்குப் பாலமாகவும் பயன்பட்டு, எழுத்துத் தேய்ந்து போகிறது.

ஈமச்சின்னங்களின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. பெருங்கற்களை வட்டமாக அடுக்கிய கல்வட்டங்களை ஊரார் ‘பாண்டவர் குழி’ எனக் கூறுவர். மாண்டவர் குழி என்பதே அவ்வாறு மருவிற்று என விளக்குவாரும் உண்டு. அவ்விடங்களில் உள்ளே கருப்பும் வெளியே சிவப்புமான ஓடுகள் கிடைக்கும். சூளையில் கலத்தைக் கவிழ்த்து வைத்துச் சுட்டபோது, காற்றுப்பட்ட வெளிப்புறம் சிவந்தது. காற்றுப்படாத உட்புறம் கருத்தது. நிலத்தைச் சமன்செய்யும் இயந்திரம் ஒரே முற்பகலில் கல்வட்டத்தைப் பெயர்த்தெறிந்துவிடும். மூவாயிரம் ஆண்டு நின்ற கல் அடித்தளத்துக்கான சல்லியாகிவிடும். நிலவுடைமையாளரை மட்டும் குறைகூறிப் பயனில்லை. அது இன்னதென அவரிடம் எவரும் சொல்லியிருக்க மாட்டார்.

நடப்போர்க்குரிய முறை

தொன்மை நடைக்கு ஏற்ற பருவம் மழை ஓய்ந்தபின் வரும் மார்கழி முதல் மாசி வரையிலான காலமாகும். உழவு முடிந்த நிலத்தில் மழை பெய்து மண் அடங்கியிருக்குமாயின் ஓடுகளும் கிட்டமும் தெளிவாகத் தெரியும். விளைநிலத்துக்குள் உரியவரின் ஒப்புதலின்றி இறங்கலாகாது. கிடைக்கும் பொருளை எடுத்துப் பையில் இட்டுக்கொள்வது தவறு. ஓர் ஓட்டுச்சில்லு எந்த இடத்தில், எவற்றோடு சேர்ந்து கிடந்தது என்பதே அதன் மதிப்பு. இடம் பெயர்ந்த ஓடு, பக்கம் கிழிந்த ஏட்டைப் போன்றது. ஒளிப்படம் எடுத்து, புல எண்ணையும் திசையையும் குறித்துக்கொண்டு, தொல்லியல் துறைக்கோ வட்டாட்சியருக்கோ தெரிவிக்க வேண்டும். புதையலாகக் கிடைக்கும் பொருள்களை மாவட்ட ஆட்சியருக்கு அறிவிக்க வேண்டும் என 1878ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டம் கூறுகிறது. அரசுப் பள்ளிகள் சிலவற்றில் செயல்படும் தொன்மைப் பாதுகாப்பு மன்றங்களின் மாணவர்கள் இம்முறையில் பல செய்திகளை வெளிக்கொணர்ந்துள்ளனர்.

கல்லில் எழுத்துத் தெரிந்தால் சுண்ணாம்பு பூசுவதோ ஆணியால் கீறுவதோ கூடாது. மாலை வெயில் சாய்வாக விழும்போது பார்த்தால் தேய்ந்த எழுத்தும் நிழல்பெற்றுப் புலப்படும். ஊர்ப்பெயரைக் கேட்டறிவதும் நடையின் ஒரு பகுதியே. பட்டி என்பது கால்நடைகளை அடைக்கும் இடம். புரம் என்பது அரசரோ வணிகரோ ஏற்படுத்திய குடியிருப்பை உணர்த்தும். பள்ளி என்பது பெரும்பாலும் சமணப் பள்ளியின் தடம். ஆயினும் ஓசை ஒப்புமையை மட்டும் நம்பி ஊர்ப்பெயருக்குப் பொருள் கூறுவது ஆபத்தானது. கல்வெட்டில் பழைய வடிவம் கிடைத்தபின்னரே முடிவுக்கு வருதல் வேண்டும்.

நடை எல்லோருக்கும் விருப்பத்தால் அமைவது அன்று என்பதையும் இங்கே கூறியாக வேண்டும். ஆட்டையாம்பட்டியிலிருந்து கிழக்கே தெரியும் போதமலையின் சிற்றூர்களுக்கு அண்மைக்காலம் வரை ஊர்தி செல்லும் சாலை இல்லை. தேர்தல்தோறும் வாக்குப்பதிவு இயந்திரங்களை அலுவலர்கள் தலைச்சுமையாகக் கொண்டு ஏறினர். நோயுற்றவரைத் தூளி கட்டித் தோளில் சுமந்து இறங்கினர். அம்மலைப்பாதையின் தொன்மை அவர்களுக்கு அழகாகத் தோன்றியிருக்காது. பழந்தடங்களைப் போற்றுதல் என்பது சாலை வேண்டுவோருக்கு அதனை மறுப்பதாக ஆகிவிடக்கூடாது.

வரைபடத்தில் உள்ள தடம்

இங்கிலாந்தில் 1949ஆம் ஆண்டு இயற்றப்பட்ட சட்டமொன்று, ஊர்ப்புறங்களில் மக்கள் வழக்கமாக நடந்துவந்த பாதைகளை அளந்து வரைபடமாக்கும் பொறுப்பை உள்ளாட்சி அமைப்புகளிடம் ஒப்படைத்தது. அவ்வரைபடத்தில் இடம்பெற்ற பாதை தனியார் நிலத்தின் ஊடே சென்றாலும் அதில் நடக்கும் உரிமை எவருக்கும் உண்டு. வேலி போட்டு அடைத்தல் குற்றம். ‘ரிட்ஜ்வே’ எனப்படும் தொன்மையான மேட்டுவழி இன்றும் நடப்போரால் நிறைந்திருப்பதற்கு இத்தகைய சட்டப் பாதுகாப்பும் ஒரு காரணம்.

தமிழ்நாட்டில் வரைபடம் இல்லாமல் இல்லை. ஒவ்வோர் ஊருக்கும் வருவாய்த் துறையின் கிராம வரைபடமும் புலப்படங்களும் உள்ளன. அவற்றில் வண்டிப்பாதை, நடைபாதை, ஓடைப் புறம்போக்கு ஆகியன கோடிட்டுக் காட்டப்பட்டிருக்கும். ஏரி, கோயில் நிலம், மந்தைவெளி ஆகியவற்றின் எல்லைகளும் அவற்றில் தெரியும். கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்டு அவற்றைப் பார்க்கலாம். பார்த்துவிட்டு அதே தடத்தில் நடக்கத் தொடங்கினால், சில இடங்களில் வரைபடத்திலுள்ள வண்டிப்பாதை கிழங்குத் தோட்டத்துக்குள் புகுந்து மறைந்திருக்கும். சில இடங்களில் வீட்டுமனைப் பிரிவின் சுற்றுச்சுவர் குறுக்கே நிற்கும். உயிர்வேலி இருந்த இடத்தில் கற்கால்களும் கம்பியும் காணப்படும்.

எஞ்சிய இட்டேரிகளில் தைமாதக் காலையில் நடந்தால் ஆவாரை பூத்திருக்கும். விசைத்தறியின் ஓசை தொலைவில் கேட்கும். வடக்கே கஞ்சமலை தெரியும். தடம் திரும்பும் இடத்தில் மண் சரிந்திருந்தால் கருநிறத்தில், துளைகள் நிறைந்து, கைக்கு மிகக் கனமான கட்டியொன்று கிடக்கக் காணலாம். தொட்டுப் பார்த்துவிட்டு அங்கேயே வைத்துவிட வேண்டும், அது உலைக்கிட்டம்.